சமுதாயக் கூடத்துச் சிறுநீரிலிருந்து உரம்: நன்கொடை வேண்டுகோள்

வியாசர்பாடியில் நம் குடியிருப்பில் வாழும் அனைவருக்கும், இங்கே வளர்ந்து வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

சமுதாயக் கூடத்தில் ஆண்கள் கழிப்பறை அடைத்துக்கொண்டால் பிளம்பர் வளைவுக் குழாயைக் கழற்றித் தரையில் தட்டுவார். பழைய சுண்ணாம்புக் காரை போல வெள்ளைக் கட்டி உதிரும். அதில் இருப்பது சிறுநீரிலிருந்து படிந்த பாஸ்பேட் உப்பு, அதாவது பாஸ்பரஸ் சேர்ந்த உப்பு. உரக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதே பாஸ்பரஸ்தான். குழாயில் படிவதை இனி தொட்டியில் படியவைத்து எடுக்கப்போகிறோம்.

வீட்டுக் கழிவுநீரில் சிறுநீர் 100-இல் 1 பங்குதான். ஆனால் அந்த நீரில் இருக்கும் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதமும், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியும் அதிலிருந்தே வருகின்றன. பக்கத்து மணலியில் எரிவாயுவைச் செலவழித்து, நைட்ரஜன் உரத்துக்காக அம்மோனியாவும் யூரியாவும் தயாரிக்கிறார்கள். நாமோ அதே நைட்ரஜனைக் கால்வாயில் விடுகிறோம். கேப்டன் காட்டன் கால்வாயிலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஆகாயத்தாமரை மண்டுவதற்கு இந்தச் சத்தும் ஒரு காரணம்.

வேலை இப்படி. தண்ணீர் ஊற்றாத சிறுநீர்க் கோப்பைகளிலிருந்து தனிக் குழாய் மூடிய டிரம்முக்குப் போகும். சில நாள் தேங்கினால் யூரியா உடைந்து அம்மோனியாவாகும், நீரில் காரத்தன்மை ஏறும். அப்புறம் உப்பாகப் படிய இன்னும் தேவைப்படுவது மெக்னீசியம் ஒன்றுதான். அந்த நீரைத் தொட்டிக்கு மாற்றி, மெக்னீசியத் தகட்டை நேர்மின்வாயாக (பிளஸ் முனையாக) வைத்து, பேட்டரியில் வருவது போன்ற குறைந்த வோல்ட் டி.சி. மின்சாரம் கொடுத்தால் தகடு மெல்லக் கரையும். அது அம்மோனியத்தோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து ஸ்ட்ருவைட் என்ற படிகமாக அடியில் தங்கும். துணியில் வடித்துக் காயவைத்தால் வெள்ளைத் தூள். 100 கிராம் மெக்னீசியத்துக்கு, கணக்குப்படி, சுமார் 1 கிலோ கிடைக்க வேண்டும். ஆனால் ஒரு லிட்டர் சிறுநீருக்குச் சில கிராம்தான் தேறும். மூட்டை மூட்டையாக வராது. மாடியில் ரோஜாவும் கனகாம்பரமும் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தரலாம். மெதுவாகக் கரைகிற உரம் என்பதால் வேர் கருகும் பயம் குறைவு.

நைட்ரஜனில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். அதைப் பிரிக்க அயனிகளை (மின்னேற்றம் உள்ள நுண்துகள்களை) மட்டும் கடத்தும் சவ்வு வேண்டும், விலை அதிகம். முதல் தொட்டி ஒழுங்காக ஓடிய பிறகே அதில் கைவைப்போம்.

அம்மோனியா வாடை என்றால் வடசென்னையில் யாருக்கும் மனம் பதறும், அது நியாயம்தான். டிரம் எப்போதும் மூடியே இருக்கும். எதிர்மின்வாயில் (மைனஸ் முனையில்) தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் தொட்டியைத் திறந்தவெளியில், கூரைக்கு மட்டும் ஷீட் போட்டு வைக்கிறோம்.

டிரம், கோப்பைகள், தகடு, டி.சி. பெட்டி, தூளை ஆய்வகத்தில் பரிசோதிக்கும் கட்டணம், இவைதான் செலவு. பரிசோதனைக் காசை எதற்காகவும் குறைக்க மாட்டோம். முடிவு வராமல் ஒரு பிடி தூளும் வெளியே போகாது. 100 ரூபாயும் சரி, ஒரு தகடு வாங்கித் தந்தாலும் சரி, ஒருநாள் பிளம்பிங் வேலை செய்து கொடுத்தாலும் சரி. ஞாயிறு மாலை கூடத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலக் குழு
வியாசர்பாடி