விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுபோனது. அதிலிருந்து எங்களிடம் வருகிறவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "விண்டோஸ் 11-க்குப் போகலாமா, மேக் வாங்கலாமா, லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? எது பாதுகாப்பு, எது சுலபம்?" அவசரமாக இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாதுகாப்பையும் சுலபத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. தொந்தரவு தருகிற பாதுகாப்பை வீட்டில் யாராவது ஒருவர் அணைத்துவிடுவார். 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் எதைத் தொட்டாலும் திரை இருண்டு, "அனுமதிக்கலாமா?" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அலுத்துப்போன பலர் அந்த வசதியையே அணைத்துவைத்தார்கள். விண்டோஸ் 7-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கேள்விகளைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இன்றும் வீட்டிலுள்ள விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் எதையும் மாற்ற அனுமதியுள்ள அட்மின் கணக்கிலேயே ஓடுகின்றன. அந்தப் பெட்டி வந்தால் "ஆம்" என்று ஒரு கிளிக், முடிந்தது கதை. அதே இடத்தில் மேக்கும் லினக்ஸும் பாஸ்வேர்டு கேட்கும். தட்டச்சு செய்யும் அந்தச் சில நொடிகளில் "இதற்கு ஏன் பாஸ்வேர்டு கேட்கிறது?" என்று யோசிக்கத் தோன்றும். விண்டோஸிலும் இதைக் கொண்டுவரலாம்: அட்மின் கணக்கைத் தனியாக வைத்துவிட்டு, அன்றாடப் புழக்கத்துக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும். கூடுதல் செலவில்லாத இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போதே சோதிக்கும் செக்யூர் பூட் வசதியும் கட்டாயம். பழைய கணினிகள் பல தேறாமல் போவதற்கு இதுவும் பிராசஸரின் வயதும்தான் காரணம். அந்தச் சோதனையைத் தாண்டவைத்து நிறுவுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. அப்டேட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் ஒன்றே போதும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. மாட்டிய கணினிகளில் பெரும்பாலானவை, அப்டேட் வந்தும் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள்.

விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். தனியாகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்த மாட்டோம். கிராக் செய்த மென்பொருளை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று அதோடு வரும் குறிப்பிலேயே இருக்கும். காவலுக்கு இருப்பதை நம் கையாலேயே அணைக்கவைத்த பிறகு உள்ளே எது வந்தாலும் தெரியாது.

மேக்கில் வைரஸே வராது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2012-ல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளுக்குள் புகுந்தது. வழிவிட்டது ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை. ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம் அதைப் பிப்ரவரியிலேயே அடைத்திருந்தும், மேக்குக்கான திருத்தம் ஆப்பிளிடமிருந்து ஏப்ரலில்தான் வந்தது. இன்றைய மேக் அதைவிட எவ்வளவோ மேல். கணினியும் அதை இயக்கும் ஓஎஸ்ஸும் ஒரே இடத்திலிருந்து வருவதால் டிரைவர் மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவருக்கும் பிடிபட்டுவிடும். ஆனால் மேக்புக்கில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது, வாங்கும்போதே யோசித்து வாங்குங்கள். இரண்டாம் கையாக இன்டெல் மேக் வாங்க நினைப்பவர்கள் நிதானிக்கவும்: மேக்ஓஎஸ் 26-தான் இன்டெல் கணினிகளுக்குக் கடைசிப் பதிப்பு.

வீட்டில் பழைய லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கழிக்க வேண்டாம் என்பது எங்கள் ஆசை. லினக்ஸின் இலவச வகைகளான லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டுகள் இலவசமாகப் பாதுகாப்பு அப்டேட் வரும். லினக்ஸுக்கும் ஆபத்து உண்டு. 2024-ல், லினக்ஸில் புழங்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ கள்ளவழி வைத்திருந்தார்கள். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்த ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். லினக்ஸின் நிலையான பதிப்புகளுக்குள் வரும் முன்பே பிடிபட்டுவிட்டது. மூல நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. வீட்டு உபயோகத்தில் லினக்ஸின் சிக்கல் வேறு: ஃபோட்டோஷாப் ஓடாது, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை நிறுவ முடியாது, சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். லினக்ஸை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுகிறோம். உங்கள் பிரிண்டரை இணைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரௌசரும் மெயிலும் போதும் என்பவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் லேப்டாப் நல்ல தேர்வு. அப்டேட் 10 ஆண்டு வரை வரும். அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்காது, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் முதலில் வெளியானதிலிருந்து ஓடும். பெட்டியைப் பிரிக்கும் முன் அப்டேட் முடியும் தேதியைக் கேளுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கும். அதற்காக எதையும் ஒதுக்க வேண்டாம்.

எந்த ஓஎஸ் வைத்திருந்தாலும் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு பக்கம் திறக்கும், "நான் ரோபோ அல்ல" என்று உறுதிசெய்யச் சொல்லும். பெட்டியில் டிக் செய்ததும், "விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று வழிகாட்டும். நீங்கள் டிக் செய்த கணத்திலேயே ஒரு கட்டளையை அது காப்பி செய்து வைத்திருக்கும். என்டர் தட்டியதும் அது ஓடி, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். மேக்காரர்களிடம் இதையே டெர்மினலில் ஒட்டச் சொல்வார்கள். உங்கள் விரலே கட்டளை கொடுக்கும்போது எந்த ஓஎஸ்ஸாலும் முழுதாகத் தடுக்க முடியாது. மனிதரா என்று சோதிக்கும் எந்த உண்மையான பக்கமும் கட்டளையை ஒட்டச் சொல்லாது. வீட்டில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

ஓஎஸ் மாற்றக் கணினியைக் கொண்டுவரும் முன், கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸ் கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதிக் கையோடு எடுத்து வாருங்கள். அந்த எண் இல்லையென்றால் வட்டிலுள்ள படங்களையும் கோப்புகளையும் எங்களால் மீட்டுத் தர முடியாது.

அன்புடன்,
கணினி விற்பனை, பழுதுநீக்கக் குழுவினர்