சந்தியாகப்பரின் கோட்டை

சைதாப்பேட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய மணிலாப் படங்களை மூன்று முறை பார்த்துவிட்டேன். "பழைய கோட்டை அப்பா, இப்போது பூங்கா மாதிரி இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். மருத்துவப் படிப்பின் சுமையில் அதற்கு மேல் எழுத உனக்கு நேரம் இராது. எனக்கோ நேரத்துக்குக் குறைவில்லை.

உன் படத்தில் வாசலுக்கு மேலே குதிரையில் வீற்றிருப்பவரைக் கவனித்தாயா? தங்கச்சிமடத்தில் நம் மீனவர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்களே, இயேசுவின் சீடர், அவரேதான். அவர் பெயரில்தான் அது சாந்தியாகோ கோட்டை. பாசிக் ஆறு விரிகுடாவில் கலக்கும் அந்த முனையில் முதலில் இருந்தது ராஜா சுலைமானின் மர அரண். 1571-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி ஊரைப் பிடித்து, அங்கேயே தாமும் மரத்தால் ஓர் அரண் எழுப்பினார். மூன்றே ஆண்டுகளில் லிமாஹோங் என்னும் சீனக் கடற்கொள்ளையன் வந்து தாக்கியபோது, மரத்தை நம்பி இருக்க முடியாது என்பது ஸ்பானியருக்கு விளங்கியது. ஆகவே 1590-களின் தொடக்கத்தில், தாஸ்மரினாஸ் ஆளுநராக இருந்தபோது, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல்லை வெட்டிவந்து கோட்டையைக் கட்டினார்கள்.

காக்க வேண்டிய செல்வமும் அங்கே இருந்தது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் வெள்ளியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சீனப் பட்டையும் நம் சோழமண்டலக் கரையின் துணிகளையும் ஏற்றிச் சென்றன. 1726-இல் நம் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதல் பாலத்தைத் தன் பணத்தில் கட்டிக் கொடுத்த ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான்கூட மணிலா வாணிகத்தில் பொருள் சேர்த்தவர்தான். நீ பள்ளிக்குச் சைக்கிளில் கடந்த இடம் அது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1762-ஐப் பற்றி. ஸ்பெயினோடு போர் மூண்டதும், ஆங்கிலேயர் சென்னையிலிருந்து டிரேப்பர் தலைமையில் ஒரு படையை மணிலாவுக்கு அனுப்பினார்கள். அதில் நூற்றுக்கணக்கான நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். போர் மூண்ட செய்தியே முறையாக எட்டியிராத மணிலாவில், கப்பல்கள் விரிகுடாவுக்குள் நுழைந்தபோது, ஆளுநர் பொறுப்பிலிருந்தவர் படைத்தலைவர் அல்லர், பேராயர் ரோஹோ. கோட்டையின் பீரங்கிகள் ஆற்று வாயைப் பார்த்திருக்க, வந்தவர்கள் தெற்கே மலாதேயில் கரையிறங்கி, நகர மதிலின் மறுகோடியில் இருந்த சான் தியேகோ கொத்தளத்தைக் குண்டுகளால் தகர்த்தார்கள். அக்டோபர் 6 காலையில் அந்த உடைப்பு வழியே படை உள்ளே புகுந்தது. பேராயர் சாந்தியாகோ கோட்டைக்குள் ஒதுங்கிக்கொண்டார், அன்றே சரணடைந்தார். கடலைப் பார்க்கக் கட்டிய கோட்டை, முதுகுப்புறத்தால் வீழ்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1764-இல் ஆங்கிலேயர் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆனால் சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். டிரேப்பரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இவர்களில் ஒருவர் பெயரையும் நான் எதிலும் பார்த்ததில்லை.

பிற்பாடு அந்தக் கோட்டை சிறையானதை நீயே அறிந்திருப்பாய். நீ படமெடுத்த தரையில் பதித்த வெண்கலக் காலடிகள், 1896 டிசம்பர் 30 அன்று பிலிப்பைன்ஸ் தேசியத் தலைவர் ஹொசே ரிசால் ஸ்பானியரால் சுட்டுக் கொல்லப்படுவதற்கு அங்கிருந்து நடந்து சென்ற வழி. அவரும் உன்னைப் போல மருத்துவம் படித்தவர், கண் மருத்துவர். 1945-இல் ஜப்பானியர் அதன் நிலவறைகளில் அடைத்துச் சாகவிட்டவர்களின் உடல்களை அள்ளிப் புதைத்த இடத்தில் ஒரு வெள்ளைச் சிலுவை நிற்கிறது. உன் படங்களில் அதைக் காணவில்லை.

தேர்வு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைந்தாவுக்குப் போய் வா. அங்கே எவர் முகமாவது நம்மூர் முகம்போல இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவர்கள் சம்மதித்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா