ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கக் கூடாதா?

மதிப்பிற்குரிய பாரம்பரிய ரயில்வே நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நிலைய வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை எஞ்சின் ஷெட் தன்னார்வலர்களாகிய நாங்களும் படித்தோம். "தன்னார்வலர்களின் ஒத்துழைப்பின்மை காரணமாக இன்று நீராவி எஞ்சின் இயங்காது. டீசல் எஞ்சின் இயக்கப்படும்." நல்ல பெரிய எழுத்து, தூரத்திலிருந்தே தெரிந்தது. அதைப் படித்துவிட்டு ஷெட் பக்கம் வந்த பயணிகள் எங்களைப் பார்த்த பார்வையும் நன்றாகவே தெரிந்தது.

எஞ்சின் ஏன் ஓடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வியாழன் இரவு திடீரென்று ஒரு சிறப்பு ஓட்டம் சேர்த்தீர்கள். தீயை இறக்கும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. பாய்லருக்குள் சேர்ந்த சேற்றைக் கழுவி எடுக்கும் வாஷ்அவுட் தவணையும் வந்துவிட்டது. ஞாயிறு காலை ரயில் கிளம்ப வேண்டுமென்றால் சனிக்கிழமையே மறுபடி தீ மூட்டியாக வேண்டும். ஆக, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் பாய்லர் ஆறி, கழுவி, கழுவும் துளைகளை மூடும் பிளக்குகளைப் பூட்டி, நீர் நிரப்பித் தயாராக வேண்டும் என்பது உங்கள் கணக்கு. அந்தக் கணக்கை ஏற்க மாட்டோம் என்று சொன்னோம். ஒத்துழைப்பின்மை என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தீ இறக்கியதற்கும் வாஷ்அவுட்டுக்கும் நடுவில் பாய்லர் தானாக ஆற மூன்று முழு நாள் வேண்டும். அந்த மூன்று நாளும் ரயில் அட்டவணையிலேயே அச்சாக வேண்டும்.

வெள்ளி மாலை குழு உறுப்பினர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். எஞ்சினில் ஏறி அழுத்தமானியைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. "ஆறிடுச்சே, இன்னும் என்ன யோசனை?" என்றார். எங்களில் மூத்த பாய்லர் ஃபிட்டர், "பூஜ்யம்னா உள்ளே தண்ணி நூறு டிகிரி, ஐயா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதைவிட மரியாதையாக அதைச் சொல்ல முடியாது. அழுத்தம் இறங்கிவிட்டது என்பதைத்தான் முள் சொல்லும், சூடு இறங்கிவிட்டதா என்பதை அது சொல்லாது. ஓடும்போது 10 பார் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர் 184 டிகிரி. அழுத்தம் முழுக்கப் போன பிறகும் கொதிநிலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரும், அதைச் சுற்றிப் பல டன் எஃகும் தாமிரமும் மிச்சம் இருக்கும். மேலே வெப்பக்காப்பு உறை வேறு. சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காகவே போர்த்திய உறை அது. உங்கள் வசதிக்காக ஒரே இரவில் சூட்டை விட்டுவிடாது.

ஆறாத பாய்லரில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பருவத்தில் அதைச் செய்தும் காட்டியிருக்கிறோம். வாஷ்அவுட் பிளக்கைத் திருகும்போது உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. முதல் இரண்டு திருகுக்கு ஒன்றும் வராது. மூன்றாவதில் ஆவியும் சேற்று நீரும் பீய்ச்சி அடிக்கும். ஸ்பேனர் பிடித்தவர் நிற்கும் இடமோ கரி எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து, விலக வழியில்லை. அதன் பிறகு ஒருவர் ஃபயர்பாக்ஸுக்குள் இறங்க வேண்டும். ஃபயர்பாக்ஸை வெளிக்கூட்டோடு பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்க வேண்டும். உடைந்த போல்ட்டின் ஓசை மந்தமாக இருக்கும். மேல்தகட்டில் உள்ள, நீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈய பிளக்குகளைப் பார்க்க வேண்டும், சூடான புகை போகும் டியூப்களின் முனைகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் செய்யக்கூடிய வேலை எதுவும் இதில் இல்லை. நுழைய இருப்பது கரி அள்ளிப் போடும் வாசல் ஒன்றுதான். தோளைச் சாய்த்தால்தான் உள்ளே போகலாம். உள்ளே இருக்கும் செங்கல் வளைவு தண்ணீரைவிட மெதுவாக ஆறும். ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் முழங்காலிட்டு, சில நிமிடத்துக்கு ஓர் ஆள் என்று மாற்றி மாற்றி இறங்கினோம். ஒரு பையனுக்கு முன்கை கொப்பளித்தது. மறுவாரமும் வந்தான், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டில் தெரியக் கூடாதாம். சில நிமிடத்தில் எத்தனை போல்ட் தட்ட முடியும், அந்தச் சூட்டில் ஓசையில் என்ன வித்தியாசம் காதில் விழும் என்பதை உங்கள் யோசனைக்கு விட்டுவிடுகிறோம்.

எங்கள் தோல் பொறுத்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்வோம், பாய்லர் பொறுக்காது. சூடு தணியாத தகட்டில் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால் தண்ணீர் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், படாத இடம் விரிந்தபடியே நிற்கும். உள்ஃபயர்பாக்ஸ் தாமிரம், வெளிக்கூடு எஃகு. தாமிரம் எஃகைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாக விரிந்து சுருங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் அவைதான் வளைந்து நிமிர்கின்றன. மெதுவாக ஆறினால் பல ஆண்டு தாங்கும். அவசரப்படுத்தினால் தகட்டின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரிசல் தொடங்கும். அதைச் சரிசெய்யும் செலவு எத்தனை சிறப்பு ஓட்டங்களின் வருமானத்தை விழுங்கும் என்று உங்கள் பொருளாளரைக் கேளுங்கள். பாய்லர் கெட்டால் வேறொன்றைச் சட்டென்று வாங்கிவிடவும் முடியாது. பிரிட்டனில் ஆர்வலர்கள் நன்கொடை திரட்டி 2008இல் முடித்த டொர்னாடோ எஞ்சினுக்கே பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையிலிருந்து வர வேண்டியிருந்தது. ரயில்வேயின் பிறப்பிடத்துக்கே அந்த நிலைமை.

"அந்தக் காலத்தில் ஒரே நாளில் வாஷ்அவுட் முடித்து அனுப்பினார்களே" என்று கூட்டத்தில் கேட்கப்பட்டதாம். உண்மைதான், பெரிய ஷெட்டுகளில் செய்தார்கள். அங்கே சுடுநீர் வாஷ்அவுட் எந்திரம் இருந்தது. சூடான பாய்லரைச் சூடான நீரால் கழுவினார்கள். ஷிப்டு முறையில் சம்பளத்துக்கு பாய்லர் ஃபிட்டர்கள் இருந்தார்கள். பழுதானால் தூக்கி மாட்ட உபரி பாய்லர் இருந்தது. நமக்கு இருப்பது ஒரு ரப்பர் குழாய், வார இறுதியில் வரும் நாங்கள், மாற்று இல்லாத ஒரே பாய்லர். அந்தக் காலத்து வேகம் வேண்டுமென்றால் அந்தக் காலத்து எந்திரத்தையும் வாங்கித் தாருங்கள். மகிழ்ச்சியாக ஒரே நாளில் முடிக்கிறோம்.

வாஷ்அவுட்டை அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் சுற்றுலா ரயிலை இழுத்துப்போன 1278 எண் எஞ்சினில் நீர்மட்டம் இறங்கி ஃபயர்பாக்ஸின் மேல்தகடு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. அது சூட்டில் இளகிக் கிழிந்தது. எஞ்சினில் இருந்த மூவரும் தீக்காயம் பட்டார்கள். விசாரணையில் தெரிந்தவற்றில் ஒன்று, நீர்மட்டக் கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிவு அடைத்திருந்தது என்பது. கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதுதானா என்று நம்ப முடியாத நிலை. அதன் பிறகு அந்த நாட்டு விதிகளைத் திருத்தி எழுதினார்கள். எஞ்சின் ஓடிய ஒவ்வொரு 31 நாளுக்குள் ஒரு முறையாவது பாய்லரைக் கழுவ வேண்டும், 1,472 ஓட்ட நாளிலோ 15 ஆண்டிலோ, எது முந்துகிறதோ அப்போது, முழுக்கப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று. பிளக்கைக் கழற்றிச் சேற்றை வழித்து எடுக்கும் எங்கள் அழுக்கு வேலைதான் அந்தக் கண்ணாடியை உண்மை பேச வைக்கிறது. அதற்குத்தான் நாள் கேட்கிறோம்.

எழுத உட்கார்ந்தபோது இத்தோடு நிறுத்தவே நினைத்தோம். ஆனால் போன மாதம் எங்களுக்கு "பாரம்பரியத்தின் காவலர்கள்" என்று அச்சடித்த சட்டை வந்தது. நல்ல துணி. காவலர்களின் ஷெட் கூரை மழைக்கு ஒழுகுகிறது, கை கழுவ ஒரு குழாய் இல்லை, நினைவுப்பொருள் கடைக்கு மட்டும் குளிர்சாதனம் வந்துவிட்டது. எஞ்சினுக்குப் புது வர்ணம் பூசப் பணம் உடனே கிடைத்தது. நீர் சுத்திகரிப்பு மருந்துக்கு நாங்கள் கொடுத்த கடிதம் எந்த மேசையில் இருக்கிறதென்று தெரியவில்லை. வர்ணத்தைத்தான் புகைப்படம் எடுக்கலாம், புரிகிறது. புதிதாக வரும் இளைஞர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று ஆண்டறிக்கையில் கவலைப்பட்டிருந்தீர்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியைக் கொப்பளித்த கையோடு வந்த பையனிடம் எழுதச் சொல்லலாம்.

கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ரயில்வே ஓட வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வேறுபாடு கிடையாது. சீட்டு விற்றால்தான் கரி வாங்க முடியும் என்பது எங்களுக்கும் தெரியும். 1951இல் வேல்ஸின் டாலிலின் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்து ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து இந்த வகை ரயில்வே எல்லாம் இரண்டு கையால்தான் ஓடுகின்றன. ஒரு கை கணக்கு எழுதுகிறது, மற்றது சாம்பல் அள்ளுகிறது. கணக்கு எழுதும் கைக்கு நாங்கள் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. துருப்பிடித்துக் கிடந்த இந்த எஞ்சினை நாங்கள் நட்டு நட்டாகக் கழற்றி ஓடவைக்கும் வரை பல ஆண்டுகள் காத்திருந்தீர்கள். எங்களைத் துரிதப்படுத்தாமல் காத்திருந்தீர்கள், அதற்கு இன்றும் நன்றி சொல்கிறோம். அந்தப் பொறுமையில் மூன்று நாளைத்தான் மறுபடி கேட்கிறோம்.

எனவே பணிவுடன் வேண்டுவது: அடுத்த பருவத்தின் அட்டவணை அச்சுக்குப் போகும் முன், ஒவ்வொரு வாஷ்அவுட்டுக்கும் முன்னால் மூன்று முழு நாள் "எஞ்சின் ஓய்வு" என்று அதில் எழுதுங்கள். இடையில் சிறப்பு ஓட்டம் சேர்ப்பதாக இருந்தால், சீட்டு விற்கத் தொடங்கும் முன் ஷெட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த நாட்களில் டீசல் எஞ்சின் ஓடட்டும், அதற்கு நாங்களே டிரைவர் தருகிறோம். வாசலில் உள்ள அறிவிப்பை எடுத்துவிட்டு "பாய்லர் பராமரிப்பு காரணமாக" என்று ஒன்று ஒட்டுங்கள். பயணிகள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஷெட் தன்னார்வலர்கள் சார்பில்,
எஞ்சினுக்குக் கரி போடும் ஒரு ஃபயர்மேன்

பி.கு.: எஞ்சின் இப்போது ஆறிவிட்டது. வாஷ்அவுட் நாளைக் காலை. பார்க்க வரும் குழு உறுப்பினர்கள் பழைய உடையில் வரவும். காவலர் சட்டை வேண்டாம், கறை போகாது.