போன் எங்கேஜ்டாக இருந்த கதை

தக்கலை
ஜூலை 2003

மக்கா,

சுகம்தானே? வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

பத்து நாளாக ராத்திரி எங்கள் போன் எங்கேஜ்டாகவே இருக்கிறது, இவனுக்கு எவளோ கிடைத்துவிட்டாள் என்று என் தங்கச்சியிடம் சொன்னாயாமே. கிடைத்தது ஒரு மோடம், கம்ப்யூட்டரைப் போன் லைனில் பேச வைக்கிற கருவி. அது லைனைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் வேறு யாரும் பேச முடியாது. அதனால்தான் இந்தக் காகிதம்.

நாகர்கோவில் ஆபீஸ் சர்வரில் ஒரு மோடத்தை மாட்டி, வீட்டிலிருந்து நேராக அதற்கே டயல் பண்ணி, அங்கே ஓடும் கணக்கு புரோகிராமை இங்கே திரையில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வருகிற புரோகிராம் என்றால் ஒரு ராத்திரியில் முடித்திருப்பேன். இந்த எழவு ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிற சாதி.

முதலில் எஸ்எஸ்ஹெச் என்கிற பூட்டிய குழாய் வழியாக, ஜன்னல்களை வரைகிற எக்ஸ் முறையில் அந்த ஜன்னலையே இங்கே இழுத்தேன். எக்ஸ் ஒரு வாயாடி. ஒரு பட்டன் வரைவதற்குள் நூறு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மோடத்தில் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்பவே கண்ணிமைக்கிற நேரம் ஆகிறது. லாகின் ஜன்னல் வருவதற்குள் ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டேன். சாரல் வலுத்து லைன் அறுந்தபோது புரோகிராமும் செத்தது, பாதி அடித்திருந்த பதிவுகளும் போச்சு.

அப்புறம்தான் நீ அன்றைக்கே சொன்ன விஎன்சி, ஒரு கம்ப்யூட்டரின் திரையை இன்னொன்றில் படமாகக் காட்டுகிற புரோகிராம். ஆமாம், நீ சொன்னதுதான், நான் சிரித்ததும்தான். ரொம்ப ஆடாதே. அதில் திரை சர்வரிலேயே உயிரோடு இருக்கிறது. லைன் போனாலும் மறுபடி டயல் பண்ணினால் கர்சர் விட்ட கட்டத்திலேயே துடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது, சத்தியமாக, கை கூப்பினேன்.

ஆனால் வேகம்? நத்தை. விஎன்சியின் முதல் திரைக்கு, அதாவது டிஸ்ப்ளே 1-க்கு, போர்ட் 5901. அதில்தான் ஏதோ கோளாறு என்று 5902, 5910 என்று மாற்றி மாற்றி மூன்று ராத்திரி போனது. உண்மையில் அது கதவு எண் மட்டும். கதவு எண்ணை மாற்றினால் ரோடு அகலமாகுமா? கோளாறு இன்னொரு போர்ட்டில், மோடத்தின் வயரைச் செருகியிருந்த சீரியல் போர்ட்டில். சர்வர் ஃபைலில் நானே எப்போதோ அதன் வேகம் நொடிக்கு 9,600 பிட் என்று எழுதி வைத்திருந்தேன். மோடம் 26,400-இல் பேசுகிறது, சர்வர் அதற்கு ஸ்பூனால் ஊட்டுகிறது! 115,200 ஆக்கி, நிறுத்து, அனுப்பு என்று இரண்டும் சைகை காட்டிக்கொள்கிற ஆர்டிஎஸ் சிடிஎஸ் ஃப்ளோ கண்ட்ரோலையும் போட்டேன்.

கணக்குப் பார். 1024-க்கு 768 திரை, புள்ளிக்கு ஒரு பைட், அமுக்காமல் அனுப்பினால் 7,86,432 பைட். 9,600-இல் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். 26,400-இல் நாலு நிமிடம். நல்லவேளை, விஎன்சி அமுக்கித்தான் அனுப்பும், மாறிய இடத்தை மட்டும். 800-க்கு 600 ஆக்கினேன், 256 கலர் போதும் என்றேன், அந்தச் சூரியாஸ்தமன வால்பேப்பரையும் தூக்கினேன். இப்போது கட்டத்துக்குக் கட்டம் தாவ முடிகிறது. பெட்டியில் 56கே என்று போட்டிருக்கிறதே என்று கேட்காதே. இரண்டு பக்கமும் சாதா போன் லைன் என்றால் 33,600-தான் உச்சம். வாங்கின பிறகுதான் படித்தேன்.

கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்தைத்தான் விஎன்சி பார்க்கும், திரையையும் மறையாக்காமல், யாரும் எட்டிப் பார்க்கிற மாதிரிதான் அனுப்பும். அதனால் 5901-ஐ வெளியே திறக்கவில்லை. எஸ்எஸ்ஹெச் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். துறைமுகத்து ஊர்க்காரன், குளச்சல்காரன் உனக்கே போர்ட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன் பார்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், அப்பா போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. கம்பி வைத்திருக்கிறார்கள். உனக்கு உடனே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அம்மாவால் தூக்க முடியாது. மாதக் கடைசிக் கணக்குக்கு ராத்திரி நாகர்கோவிலில் உட்கார எனக்கு வழியில்லை. முதலாளியிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போய், வாசலில் நின்று, இந்த மோடம் வழியை யோசித்துத் திரும்பி வந்தேன்.

மோடம் முதல் நாள் கீச்சிட்டபோது அப்பா பயந்துபோய், "யாருலே கூப்பாடு போடுதான்?" என்றார். இப்போது அந்தச் சத்தம் அவருக்கு மனப்பாடம். கீச்சு, கரகரப்பு, அப்புறம் மௌனம். "கிட்டிட்டு" என்பார். சத்தம் நடுவில் அறுந்தால், "மழைலே, பொறு" என்பார். வேறெதுவும் அதிகம் பேசுவதில்லை, மக்கா. மரச்சீனியும் மீனும் முன்னால் வைத்தால்கூட இரண்டு வாய்தான்.

ஆவணிக்கு வருவாய் அல்லவா? நீ வந்தால் பேசுவார். ராத்திரி பத்துக்கு மேல் போன் பண்ணாதே. காலையில் ஏழு மணிக்குள் பண்ணு, லைனை விட்டு வைக்கிறேன்.

உன்,
தக்கலைக்காரன்