சிலிண்டர் தூக்குற பசங்களுக்கும் டைவிங் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மண்டபம் பாம்பன் பக்கம் காத்து சிலிண்டர மாட்டிட்டு முங்குற ஸ்கூபா டைவிங், ஸ்நார்கெலிங், கயாக்கிங்னு கடல் சுற்றுலா வளருது, கடலோர இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும்னு பேப்பர்ல அடிக்கடி படிக்கிறோம். வளரட்டும், சந்தோஷம்தான். ஆனா அது என்ன வேலைங்கறத யாரும் எழுதுன மாதிரி தெரியல, அதனால நான் எழுதுறேன். நான் வேதாளைப் பக்கத்து ஆளு, எங்க அப்பா சங்கு குளிச்சவரு, நான் சொந்த வல்லத்துல, அதான் நாட்டுப் படகுல, ஒரு டைவிங் ரிசார்ட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போயிட்டு வர்றேன். ரிசார்ட் பேரு வேணாம், விசாரிச்ச வரைக்கும் எல்லா எடத்துலயும் கதை ஏறக்குறைய ஒண்ணுதான்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். அங்க நடக்குற பயிற்சி நெசமாவே நல்ல பயிற்சி. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்ல இருந்து வர்றவங்க முதல் நாள் ஒருத்தர ஒருத்தர் பேர்கூட தெரியாம ஒதுங்கி ஒதுங்கி உக்காந்திருப்பாங்க, தண்ணில எறங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் மாட்டிருக்குற பெல்ட்டு, ஜாக்கெட்டு, வாயில வச்சு மூச்சு இழுக்குற ரெகுலேட்டர், காத்து எவ்வளவு இருக்குன்னு இன்னொருத்தர் தொட்டுப் பாத்துத்தான் எறங்கணும்ங்கறது சட்டம், அதுலயே பாதி நெருக்கம் வந்துரும். கம்ப்யூட்டர் கம்பெனி பையனும் ரிட்டயர்டு டீச்சரம்மாவும் ஜோடியா எறங்குறத நான் பாத்திருக்கேன், மேல வந்த பெறகு அந்தம்மா அந்தப் பையன “தம்பி தம்பி”ன்னு கூப்புட்டு அவங்க பாத்த கிளிமீன் கதைய சொல்லி முடிக்க சாயங்காலம் ஆயிருச்சு. ராத்திரி ஒரே மேசைல எல்லாரும் உக்காந்து லாக் புக் எழுதுவாங்க, எத்தன மீட்டர் போனோம், எத்தன நிமிஷம் இருந்தோம், என்ன பாத்தோம்னு. எங்க ஊரு அக்கா ஒருத்தர்தான் அங்க சமையல், அவங்க வைக்கிற நண்டுக் குழம்புக்காகவே மறுபடி வர்றவங்க இருக்காங்க.

அந்த மேசைல எங்க ஊரு பயலுக யாரும் உக்காந்து நான் பாத்ததில்ல. அவனுக கம்ப்ரசர் ஷெட்டுல இருப்பானுக. சிலிண்டருக்குக் காத்து நெரப்புறது, தூக்கிட்டு வந்து வல்லத்துல அடுக்குறது, உப்புத் தண்ணி போக வெட்சூட்ட அலசிக் காயப்போடுறது, இதுதான் அவனுக வேலை. யாரும் வெரட்டல, கேவலமா நடத்தவும் இல்ல, நியாயமா சொல்லணும்ல. ஆனா வருஷக் கணக்குல அதே ஷெட்டுதான், அதுக்கு மேல ஏற படி இல்ல. தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போறவரு வெளியூர்க்காரரு, சீசன் முடிஞ்சா அந்தமானுக்கோ கோவாவுக்கோ போயிருவாரு. அவரு மேலயும் எனக்குக் கோபம் இல்ல, அவரு படிச்சு அந்த எடத்துக்கு வந்தவரு. எங்க பயலுகளுக்கு ஏன் அந்தப் படிப்பு இல்லங்கறதுதான் என் கேள்வி.

படிப்பு என்னன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஒரு நாள்ல தண்ணிய காட்டிட்டு அனுப்புறது தனி, அதுல கூடிப்போனா 12 மீட்டர், இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருப்பாரு. உண்மையான முதல் கோர்ஸ் ஓப்பன் வாட்டர்ங்கறது, பாடம் படிச்சு, ஆழமில்லாத தண்ணில பழகி, அப்புறம் கடல்ல 4 டைவ், 18 மீட்டர் வரைக்கும் போகலாம். 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் எதையும் பிடிக்காம மெதக்கணும், இது ரெண்டும் எங்க பயலுகளுக்கு ஒரு விஷயமே இல்ல. அதுக்கு மேல அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூன்னு ஏறி, மத்தவங்கள தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போற டைவ் மாஸ்டர் ஆகணும்னா 18 வயசு ஆகியிருக்கணும், முதலுதவி பயிற்சி முடிச்சிருக்கணும், கோர்ஸ் முடியிறப்ப 60 டைவாவது கணக்குல இருக்கணும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியா பணம். நான் பாத்த வரைக்கும் புத்தகம் இங்கிலீஷு, வகுப்பு இங்கிலீஷு, பரீட்சை இங்கிலீஷு. பத்தாவதோட நின்ன பையன் அங்கயே ஒதுங்கிருவான், அவன் ஒதுங்குறது பயத்துல இல்ல, வெக்கத்துல.

தமிழ்ல சொல்லிக் குடுக்கணும்னு நான் கேக்குறது மொழிப்பற்றுக்காக மட்டும் இல்லைங்க, இது உயிர் விஷயம். எப்படின்னா, குளியாளி, அதான் சங்கு குளிக்கிறவரு, வீட்டுப் பையனுக்கு தண்ணின்னா ஒரே பாடம்தான், மூச்ச அடக்கு. தாத்தன் காலத்துல இருந்து ரத்தத்துல ஊறுனது அது. ஸ்கூபால முதல் சட்டமே அதுக்கு நேர் எதிர், எந்தக் காரணத்துக்காகவும் மூச்ச அடக்காதே, இழுக்குறதும் விடுறதுமா நிறுத்தாம மூச்சு விட்டுக்கிட்டே இரு. ஏன் அப்படின்னு கேட்டா கணக்கு சின்னக் கணக்குதான். மேல இருந்து மூச்சு இழுத்துட்டு முங்குறவன் நெஞ்சுல இருக்குற காத்து 10 மீட்டர்ல பாதியா சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கே வந்துரும், ஒண்ணும் ஆகாது. ஆனா சிலிண்டர்ல இருந்து அந்த 10 மீட்டர்ல மூச்சு இழுத்தவனுக்கு அங்க இருக்குற அழுத்தத்துலயே நெஞ்சு முழுக்கக் காத்து நெறஞ்சிருக்கும், அத அடக்கிக்கிட்டே மேல வந்தான்னா அது ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரல் கிழியும், காத்து ரத்தத்துல கலந்து மூளைக்குப் போனா பொழைக்கிறதே பெரும்பாடு. இதுக்கு ஆழம்கூட வேணாம், நீச்சல் குளத்து ஆழமே போதும். சென்னைப் பையன் பயந்து பயந்து எறங்குறதால சொன்னத அப்படியே கேப்பான், எங்க பையன் கடல நம்பி எறங்குறவன், பதட்டம் வந்தா ஒடம்பு தானா பழைய வழிக்குத்தான் போகும், மூச்ச அடக்கிட்டு மேல பாய்வான். அந்தப் பழக்கத்த மாத்தணும்னா அவனுக்குப் புரியுற பேச்சுல, அவங்க அப்பா எப்படி முங்குனாரு, இது எப்படி வேறங்கறத உக்கார வச்சு சொல்லணும். ரெகுலேட்டர வாயில வச்சுட்டு இங்கிலீஷ்ல நாலு ரூல் சொன்னா ஏறாது.

இன்னொண்ணும் இருக்கு. தூத்துக்குடில இருந்து இங்க வரைக்கும் சங்குக்குப் போறவங்க வல்லத்துல கம்ப்ரசர வச்சு குழாய் வழியா காத்து வாங்கி ரொம்ப நேரம் அடில கெடக்குற பழக்கம் வந்து பல வருஷம் ஆச்சு. அதுல முட்டி மடக்க முடியாதவங்க, கால் மரத்துப் போனவங்க, நடைய எழந்தவங்க கடலோர ஊருகள்ல இருக்காங்க. ஆழத்துல நேரம் ஆக ஆக காத்துல இருக்குற நைட்ரஜன் ஒடம்புல கலந்து தேங்கும், படக்குன்னு மேல வந்தா சோடா பாட்டில் மூடிய தொறந்த மாதிரி ரத்தத்துல நுரை கட்டும், அதான் அந்த வலி. எண்ணெ தேச்சா போகாது, மறுபடி முங்குனா சரியாயிரும்னு சொல்றதும் ஆபத்து. உடனே ஆக்ஸிஜன் குடுக்கணும், அழுத்தத்த ஏத்தி வைத்தியம் பாக்குற அழுத்த அறை இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ரிசார்ட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு இதெல்லாம் முதல் ரெண்டு நாள்லயே பாடமா வந்துருது, மெதுவா ஏறணும், 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும், டைவ் முடிச்ச அன்னைக்கு ஃபிளைட்ல ஏறக்கூடாதுன்னு. வாழ்நாள் பூரா அடில கெடந்த மனுஷனுக்கு இத யாரும் சொல்லலையேன்னு நெனச்சா மனசு ஆறல. அதனால இந்தப் பயிற்சி ரிசார்ட் வேலைக்குப் போற பையனுக்கு மட்டும் இல்ல, சங்குக்குப் போறவனுக்கும் வேணும்.

பொம்பளைங்கள விட்டுட்டேன்னு நெனைக்க வேணாம். சின்னப்பாலத்துலயும் பாம்பன் பக்கத்துலயும் பாசி எடுக்குற அக்காமாருக்கு எந்தப் பார்ல, அதான் கடலடிப் பாறைல, என்ன இருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லத் தெரியும். பாசில மரிக்கொழுந்து எங்க, கட்டக்கோரை எங்க, கஞ்சிப்பாசி எந்த மாசம், நீவாடுங்கற கடல் நீரோட்டம் எப்ப திரும்பும், எல்லாம் தெரியும். வெரல்ல துணிய சுத்திக்கிட்டு, கால்ல தகட்டக் கட்டிக்கிட்டு எத்தன வருஷமா முங்குறாங்க. அவங்கள்ல வயசு கொறஞ்ச பொண்ணுங்க நாலு பேரு டைவ் மாஸ்டரா வந்து நின்னா, தண்ணில எறங்கத் தயங்குற வெளியூர்ப் பொண்ணுங்களுக்கும் தைரியம் வரும். ரிசார்ட்டுகாரங்களுக்கு இது வியாபாரமாவும் நல்லதுதானே.

பவளத்தப் பத்தியும் சொல்லணும். மன்னார் வளைகுடால 21 தீவச் சுத்தி இருக்குறதுக்குப் பேரு தேசியப் பூங்கா, 1986லயே அறிவிச்சது, நெனச்ச எடத்துல எறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேணும், அது சரியான சட்டம். 2010லயும் 2016லயும் தண்ணி சூடேறி பவளம் வெளுத்துப் போனத நாங்க வல்லத்துல இருந்தே பாத்தோம். இங்க பாரெல்லாம் ஆழமில்லாத பாரு, புதுசா எறங்குறவங்க மெதக்கத் தெரியாம துடுப்புக் காலால ஒதச்சா வருஷக் கணக்குல வளந்தது ஒரு நொடில ஒடஞ்சிரும். அதனால முதல்ல மணல் தரைல மெதக்கப் பழக்கிட்டுத்தான் பார் பக்கம் கொண்டு போகணும், எது மணல் எது பாருன்னு சொல்ல உள்ளூர் ஆள் இல்லாம எப்படி? பவளத்துல சிக்கிக் கெடக்குற கிழிஞ்ச வலைய எடுக்குறதுக்கும் பயிற்சி எடுத்த ஆள்தான் வேணும், அதுக்கும் எங்க பயலுகளே போகலாம்.

வடகடல், தென்கடல்னு ரெண்டு கடல் இருக்குற ஊரு எங்க ஊரு. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிச்சு தென்கடல் கொந்தளிக்கிறப்ப வடகடல் குளம் போல கெடக்கும், வாடக் காத்து (வடக்குக் காத்து) வந்தா அப்படியே மாறும். வடகடல்ல தண்ணி கலங்கலா இருக்கும்தான், மீன் பாக்க லாயக்கில்ல, ஆனா ஆழம் கொறவு, ஆரம்பப் பயிற்சிக்கு அதான் தோது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுல போற குடும்பத்துப் பயலுக கரைல சும்மா நிக்கிற நேரம், பள்ளிக்கூடமும் பாதிக்கு மேல லீவு. வகுப்பு வைக்க இதவிட நல்ல நேரம் வருமா?

காரங்காட்டுல வனத்துறையும் ஊருக்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள சுற்றுலாப் படகு விடுறாங்க, வருமானத்துல ஊருக்கும் பங்கு இருக்கு. ஊரச் சேத்துக்கிட்டா நடத்த முடியும்ங்கறதுக்கு நம்ம மாவட்டத்துலயே அது இருக்கு. டைவிங்க்கு லைசென்ஸ் குடுக்குறப்பவே வருஷத்துக்கு இத்தன உள்ளூர் ஆளுக்கு டைவ் மாஸ்டர் வரைக்கும் இலவசமாப் பயிற்சி குடுக்கணும்னு மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் நிபந்தனை போடலாம். மீன்வளத்துறை பாடத்தத் தமிழ்ல எழுதிக் குடுக்கலாம், மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையம் பல வருஷமா இருக்கு, கடலுக்குள்ள முங்கிப் பழகுன விஞ்ஞானிங்க அங்க இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாங்க. ஒவ்வொரு டைவிங் படகுலயும் ஆக்ஸிஜன் கிட் இருக்கணும், பக்கத்துல அழுத்த அறை எந்த ஆஸ்பத்திரில இருக்கு, எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்னு தமிழ்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கணும். இது காசு பெருசா ஆகாத வேலை, நாளைக்கே செய்யலாம்.

எங்க ஊர்ல வகுப்பு நடத்த சமுதாயக் கூடம் இருக்கு, பேர் குடுக்க பதினஞ்சு பயலுகளும் அஞ்சாறு பொண்ணுங்களும் இப்பவே தயாரா இருக்காங்க. வல்லத்த நான் தர்றேன், ஓட்டுக் கூலி வேணாம், டீசல் மட்டும் யாராவது போட்டா போதும், தடைக்காலம் முழுக்க தினமும் காலைல வடகடல்ல கொண்டு போயி எறக்கி ஏத்திட்டு வர்றேன். சொல்லிக் குடுக்க ஒரு இன்ஸ்ட்ரக்டர மட்டும் அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
வல்லம் ஓட்டும் வாசகன்,
வேதாளை, இராமநாதபுரம் மாவட்டம்.