தென்பெண்ணை வெள்ளக் கணக்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

மத்திய நீர் ஆணையத்தின் நீர்மானி நிலையப் பணியாளர்கள், தமிழக நீர்வளத் துறையின் அணைப் பொறியாளர்கள், புதுச்சேரி பொதுப்பணித் துறையினர், வானிலைத் துறையினர், கிராம நிர்வாக அலுவலர்கள், இரு கரை மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்பெண்ணையின் கீழ்ப்படுகைக்கு, வெள்ளம் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடம் வரைகிறோம். வெள்ள வரைபடத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது நீல நிறம்தான். அந்த நீலம் எந்தத் தெருவோடு நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஓர் எண்: ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி வரும் என்பது. அந்த எண் பிசகினால், எவ்வளவு நுணுக்கமான கணினி மாதிரியிலும் கோடு தவறான இடத்தில்தான் விழும். தென்பெண்ணைக்கு அந்த எண்ணை ஒரே அலுவலகம் தந்துவிட முடியாது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் ஆறு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, சொர்ணாவூர் அணைக்கட்டில் பங்காரு வாய்க்கால் வழியே புதுச்சேரியின் பாகூருக்குப் பங்கு கொடுத்து, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஒன்றியம், மாநிலம், யூனியன் பிரதேசம் மூன்றின் பதிவேடுகளும் ஒரே மேசைக்கு வந்தால்தான் கணக்கே தொடங்கும். வரச் செய்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி கும்மனூர், வாழவச்சனூர், விழுப்புரம் நீர்மானி நிலையங்களில் வெள்ளக் காலத்தில் மணிக்கொரு முறை மட்டம் பார்த்தவர்களுக்கு. மட்டம் மட்டும் போதாது; அதை நீரோட்டமாக மாற்ற, எந்த மட்டத்துக்கு எவ்வளவு நீர் ஓடும் என்று காட்டும் ரேட்டிங் வளைவு வேண்டும். மணல் படுகையில் அந்த வளைவு நிலையாக நிற்பதில்லை. ஒரு பெருவெள்ளம் படுகையை அரித்துவிட்டால், அதே மட்டத்துக்கு அடுத்த ஆண்டு வேறு நீரோட்டம். வெள்ளம் ஏறும்போது ஓடும் நீர், அதே மட்டத்தில் இறங்கும்போது ஓடுவதைவிட அதிகம். மரமும் செடியும் அடித்து வரும் வேளையில் நீரின் வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டரை இறக்க முடியாது. மிதவை விட்டு, மேற்பரப்பு வேகத்தைச் சுமார் 0.85ஆல் பெருக்கித்தான் சராசரி வேகம் காண வேண்டும். அந்த எண் எப்படிக் கிடைத்தது, மீட்டரிலா மிதவையிலா, வளைவை மேலே நீட்டியதாலா என்று பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வைத்தீர்களே, அதுதான் பெரிய உதவி. எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அந்தக் குறிப்புகளே சொல்லின.

அடுத்து, அணைப் பதிவேடுகளைத் திறந்து காட்டிய சாத்தனூர்ப் பொறியாளர்களுக்கு. 119 அடியில் 7,321 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த அணை, கீழே வரும் வெள்ளத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. அணை கட்டுவதற்கு முந்தைய உச்சங்களையும் பிந்தையவற்றையும் ஒரே வரிசையில் போட்டு கம்பெல், லாக் பியர்சன் என்ற புள்ளியியல் முறைகளில் ஒன்றால் 100 ஆண்டு வெள்ளம் (எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்) கணக்கிட்டால் விடை வரும். ஆனால் அது எந்த ஆற்றின் விடையும் அல்ல. அதனால் திறந்த நீரோடு அணையில் ஏறிய இருப்பைக் கூட்டி, அணைக்கு வந்த வரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அதை ஆற்றின் வழியே கீழே நகர்த்திப் பார்க்க வேண்டும். இதற்கு மணிவாரி மட்டம், ஷட்டர் திறப்பு, வண்டல் படிந்த பிறகு திருத்திய கொள்ளளவு அட்டவணை மூன்றும் தேவை. பழைய அட்டவணையை வைத்தால் வரத்து கூடுதலாகத் தெரியும்.

அலகுகளும் நாள் கணக்கும் தனிப் பாடு. ஒரு பதிவேட்டில் அடி, கன அடி. இன்னொன்றில் மீட்டர், கன மீட்டர். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து திறக்கப்பட்ட 1,68,000 கன அடி என்பது வினாடிக்குச் சுமார் 4,757 கன மீட்டர். இது வகுத்தலோடு முடியும். நாள் கணக்கு அப்படியல்ல. மழைமானியில் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை பெய்தது மறுநாள் தேதியில்தான் ஏறும். ஊத்தங்கரையில் கொட்டிய 50 செ.மீ. டிசம்பர் 2 என்று பதிவானது. வெள்ளமோ அந்தப் பதிவு நேரத்துக்கு முன்பே அணைக்கு வந்துவிட்டது. தேதியை மட்டும் பார்த்து மாதிரியில் ஏற்றினால் மழைக்கு முன் வெள்ளம் வரும். மணிவாரி மழையைத் தந்து இந்த முடிச்சை அவிழ்த்த வானிலைத் துறையினருக்கு நன்றி.

அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளின் உச்சம் 2004 அக்டோபர் 31இல் பதிவான 21 செ.மீ. இப்படி ஒற்றைப் புள்ளி வரிசையிலிருந்து எகிறும்போது அதை நீக்குவதும் தவறு, அதை மட்டும் நம்புவதும் தவறு. சுற்றுவட்ட மழைமானிகளையெல்லாம் சேர்த்து வட்டார அளவில் கணக்கிட வேண்டும் என்ற மத்திய, மாநில நீரியலாளர்களின் கருத்து சரியானது என்றே நினைக்கிறோம்.

மலட்டாறு வழியே தென்பெண்ணை வெள்ளத்தின் ஒரு பங்கு பக்கத்துக் கெடிலம் ஆற்றுக்குப் போவதை நினைவூட்டிய உதவிப் பொறியாளர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அதை விட்டால் கெடிலத்தின் கோடு சுருங்கும், தென்பெண்ணையின் கோடு வீங்கும். முகத்துவாரத்தில் மணல்திட்டு மூடியிருந்த நிலையையும் கடல் ஏற்றத்தையும் தாழங்குடா மீனவர்கள் சொன்னபடியே மாதிரியின் கீழ் எல்லையில், அதாவது ஆறு கடலில் சேரும் முனையில், வைத்திருக்கிறோம்.

குண்டு உப்பலவாடி, நாணமேடு, சோரியாங்குப்பம் பக்கத்து வீட்டுக்காரர்களே, சுவரில் சேற்றுக்கோட்டை அழிக்காமல் வைத்தது சிறிய காரியமல்ல. செயற்கைக்கோள் உயர மாதிரியில் சில மீட்டர் பிழை வரும். நம் ஊரில் ஒரு மீட்டர் என்றால் பல தெரு. உங்கள் சுவர்க் கோட்டை உயரம் துல்லியமாக அளந்து வைத்த நிலையான மட்டக்குறியோடு இணைத்தபோதுதான் மாதிரியைச் சரிபார்க்க முடிந்தது. வெளிச்சுவரில் அலை மோதிய கோடு உயரமாக இருக்கும். உள்ளறைக் கோடே தேங்கிய நீரின் உண்மை மட்டம். முள்செடியில் சிக்கிய குப்பையை நம்பக் கூடாது, செடி வளைந்து நிமிர்ந்திருக்கும்.

25 ஆண்டு வெள்ளம் என்பது 25 ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி அல்ல. முப்பது ஆண்டில் ஒருமுறையாவது வர 71 சதவீத வாய்ப்பு. 100 ஆண்டு வெள்ளத்துக்கே 26 சதவீதம். 1975இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய வெள்ளச் சமவெளியில் எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மாதிரி மசோதாவையொட்டிய வழிகாட்டுதலில் மருத்துவமனை, மின்நிலையங்களுக்கு 100 ஆண்டு மட்டமும் குடியிருப்புக்கு 25 ஆண்டு மட்டமும் சொல்லப்பட்டிருப்பதால், இரண்டு கோடுகளையும் தனித்தனியே வரைகிறோம்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெள்ளையடிக்கும் முன் சேற்றுக்கோட்டின் மேல் விளிம்பில் ஓர் ஆணி அடித்து, தேதி எழுதிவிட்டு அடியுங்கள். தரையை உயர்த்தினால் எத்தனை அங்குலம் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

நன்றியுடன்,
தென்பெண்ணைக் கீழ்ப்படுகை வெள்ள வரைபடப் பணியில் இருப்போர்,
கடலூர்