வகுப்பாசிரியர்களுக்கு: படப்பலகை மேசைமேல் இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பேச்சு வராத, வந்தாலும் போதாத பிள்ளைகளைப் பெற்றவர்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகள், படத்தைத் தொட்டுக் காட்டிப் பேச உதவும் படப்பலகையோடு வகுப்புக்கு வருகிறார்கள்; சிலர் படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட்டோடு. பல வகுப்புகளில் அது பேச்சுப் பயிற்சி நேரத்தில் மட்டுமே பையிலிருந்து வெளியே வருகிறது. மற்றப் பிள்ளைகள் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். இவர்களுக்கு மட்டும் ஏன் அரைமணி நேரம்?

படத்துக்குப் பழகிவிட்டால் பேச்சே வராது என்று பலர் அஞ்சுகிறார்கள். இப்படிப்பட்ட மாற்று வழிகளைப் பயன்படுத்தியவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உறுதியான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. அதே ஆண்டு ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் இத்தகைய மாற்று வழிகளைத் தகவல் தொடர்பு என்றே கணக்கில் எடுக்கிறது.

எல்லாக் குழந்தைகளும் பேச்சை ஓயாமல் கேட்டுத்தான் பேசப் பழகுகிறார்கள். படத்தால் பேச வேண்டிய பிள்ளையிடம் படத்தால் பேச ஆளே இல்லை என்றால் அவன் யாரைப் பார்த்துப் பழகுவான்? "இப்ப வரையலாமா?" என்று கேட்கும்போது 'வரை' படத்தை நீங்களும் தொடுங்கள். "எங்கே, தொட்டுக் காட்டு" என்று சோதிக்க வேண்டாம்.

கேட்டபின் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணலாம். பதில் வரவில்லையே என்று அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால், பாதி வழி வந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் கேள்வியையே திருப்பிச் சொன்னாலும் தட்டிக்கழிக்காதீர்கள், "தண்ணி வேணுமா?" என்பது அவன் தண்ணீர் கேட்கும் விதமாக இருக்கலாம்.

பலகையில் என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் இருக்கும். 'வேண்டாம்', 'நிறுத்துங்க', 'வலிக்குது', 'புரியல' இருக்கிறதா? உடல் உறுப்புகள், அன்றாடம் பார்க்கும் ஆட்களின் படங்கள் இருக்கின்றனவா? தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வழியில்லாத பிள்ளையை யார் வேண்டுமானாலும் என்னவும் செய்யலாம். இதை எழுதவே எனக்கு நடுங்குகிறது. அதனால் "வேண்டாம்" என்று அவன் காட்டினால் அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டதைச் செய்ய முடியாத நேரத்திலும், "வேண்டாம்னு சொல்ற, புரியுது" என்றாவது சொல்லுங்கள்.

முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இதைக் கேட்கிறோம் என்பது தெரியும். படம் வெட்டுவது, ஒட்டுவது, கிழிந்ததை மாற்றுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. எந்தச் சொல்லைத் தேடிக் கிடைக்காமல் தவித்தான் என்று மட்டும் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மறுநாள் அந்தப் படத்தோடு அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஒரு தாய்